பிம் கொலாபரேட் புரோ: ஆளுக்கொரு ஊரில் இருக்கும் டீமுக்கு ஒத்துவருமா?

ஆர்க்கிடெக்ட் சென்னையில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் காட்பாடியில், டிராஃப்ட்ஸ்மேன்கள் குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் வீட்டிலிருந்தே, சைட் சத்துவாச்சாரியில். இப்படி ஒரு டீம் ஒரே ரெவிட் மாடலில் (ரெவிட் என்பது கட்டடத்தை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் ஆட்டோடெஸ்க் மென்பொருள்) வேலை செய்ய, அதே ஆட்டோடெஸ்க்கின் இணையச் சேவையான பிம் கொலாபரேட் புரோ நன்றாகவே உதவுகிறது. எல்லாருடைய வேலையும் வந்து சேரும் சென்ட்ரல் ஃபைலை டிராப்பாக்ஸில் போட்டு ஒப்பேற்றும் ஆபீஸ்கள் இன்னும் உண்டு. யார் எதைத் திருத்துகிறார் என்று அங்கே ரெவிட்டுக்குச் சரியாகத் தெரியாது. கடைசியில் ஃபைல் இரண்டாகி நிற்கும். பிம் கொலாபரேட் புரோவில் ஒருவர் ஒரு பீமைத் திருத்தத் தொடங்கியதும் அது அவர் பெயருக்குப் போய்விடும். மற்றவருக்கு வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

தகராறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சிங்க் வேறு, பப்ளிஷ் வேறு. சிங்க் என்றால் உங்கள் மாற்றத்தைப் பொது மாடலில் சேர்ப்பது; பப்ளிஷ் என்றால் ரெவிட் இல்லாதவர்களும் பார்க்கும்படி அதை வெளியிடுவது. 230 × 450 மி.மீ. தூணை இன்ஜினியர் 230 × 600 ஆக்கி, சாயங்காலம் சிங்க் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெவிட்டில் இருப்பவர்கள் தாங்களும் சிங்க் கொடுத்தால் புது அளவு வந்துவிடும். சைட் சூப்பர்வைசர் போனில் திறக்கும் ஷீட்டில் (வரைபடத் தாளில்) மட்டும் பழைய 450 அப்படியே இருக்கும். ரெவிட் முகப்புப் பக்கத்தில் அந்த மாடலுக்குப் பப்ளிஷ் கொடுத்தால்தான் அது மாறும். மறந்தால், காலையில் கம்பி கட்டுபவர் பழைய அளவுக்கே ரிங் வளைத்து முடித்திருப்பார். பப்ளிஷ் செட்டிங்ஸில் ஷீட்களை டிக் செய்யாமல் விட்டாலும் அவை சைட்டுக்குப் போய்ச் சேராது. தினமும் பப்ளிஷ் கொடுப்பது இன்னார் வேலை என்று ஒருவர் பெயரை எழுதிவையுங்கள்.

மின்வாரியத்தின் பராமரிப்பு நாட்களில் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்து மோடத்துக்கு இல்லையென்றால் பிரயோஜனமில்லை. நெட் போனால் லோக்கலில் சேவ் செய்துவிட்டு, வந்ததும் சிங்க் கொடுக்கலாம். அதற்குள் யாராவது "கேஷை அழித்துப் பாருங்கள்" என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்! சிங்க் ஆகாத வேலை உங்கள் கம்ப்யூட்டரின் கொலாபரேஷன் கேஷ் ஃபோல்டரில்தான் இருக்கிறது. அழித்தால் போயே போச்சு.

எல்லாரிடமும் ஒரே வருட ரெவிட் இருக்க வேண்டும். 2023 மாடலை 2024க்கு ஏற்றிவிட்டால் அந்த மாடல் மறுபடி 2023இல் திறக்காது. அப்டேட்டையும் ஒரே நாளில் எல்லாரும் போட்டுவிடுங்கள். வசதிகள் குறைந்த பதிப்பான ரெவிட் எல்டி வைத்திருப்பவரை இதில் சேர்க்க வழியில்லை. மாடலில் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் ரெவிட்டோடு இந்த லைசென்ஸும் தனியாக வேண்டும். பில் ஏறுவது இங்கேதான்.

1,200 சதுர அடி தனி வீட்டுக்கு இது தண்டச் செலவு. ஆட்டோகேட், ரெலேட்டிவ் பாத்தில் எக்ஸ்ரெஃப் (ஒரு வரைபடத்தில் இன்னொன்றை இணைப்பது), அனுப்பும்போது இணைந்த ஃபைல்களையெல்லாம் ஒரே கட்டாக்கும் இ-டிரான்ஸ்மிட் போதும். அடுக்குமாடி, ஆஸ்பத்திரி, கல்லூரிக் கட்டடம் என்று எம்இபி (ஏசி, மின்சாரம், பிளம்பிங்) ஆட்களும் உள்ளே வரும் வேலைக்கு வாங்கலாம்.

டீமில் யாருக்காவது நெட் மெதுவாக இருந்தால் ஆர்க்கிடெக்சர், ஸ்ட்ரக்சர், எம்இபி மூன்றையும் தனித்தனி மாடலாக வைத்து லிங்க் செய்யுங்கள். முதல் தடவை திறக்கும்போது முழு மாடலும் இறங்கும், நேரமெடுக்கும். அதை முந்தின நாள் ராத்திரியே போட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த தடவையிலிருந்து மாற்றங்கள் மட்டும்தான் இறங்கும்.