தராசு சர்வீஸுக்குக் குடுக்குறவங்க பாத்துக்கோங்க, சைபர்ல முள்ளு நின்னா போதாது

மண்பாண்டத்துக்குப் பூசுற கிளேஸ் (சூளைல உருகி கண்ணாடி மாதிரி ஆகுற பூச்சு) எடை போட ட்ரிபிள் பீம் தராசு (மூணு கம்பில ரைடர்ங்கற எடைய நகத்தி நிறுக்கறது) வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன். முள்ளு மந்தமா ஆடுதுன்னு என் தராச ஒரு சர்வீஸ் ஆளுகிட்ட குடுத்தேன். பளபளன்னு தொடச்சு, ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டாந்து, ரைடர் மூணையும் சைபருக்குத் தள்ளி, பாருங்க முள்ளு கோட்டுல நிக்குதுன்னு காட்டி காச வாங்கிட்டுப் போய்ட்டாரு.

சைபர்ல நிக்கிறதெல்லாம் ஒரு விஷயமே இல்லங்க, ஓரத்துல இருக்க ஸ்க்ரூவ திருகினா எந்த ஓட்டை தராசும் சைபர்ல நிக்கும்.

அடுத்த சூளைல 4-3-2-1 கிளேஸ் போட்ட கிண்ணம் பூரா வலை வலையா வெடிப்பு. நாலு பொடியும் அந்த விகிதத்துல, கிராம் கணக்குல: ஃபெல்ட்ஸ்பார் 600, சிலிக்கா 450, வைட்டிங் (சுண்ணாம்புக்கல் பொடி) 300, சைனா கிளே 150. ஃபெல்ட்ஸ்பார் கூடிட்டா வெடிக்கும்னு தெரியும், ஆனா எப்படி கூடுச்சு? ரைடர் மூணும் சேர்ந்தே 610 கிராம் தான் தாங்கும், டப்பா எடையும் சேர்ந்தா ஃபெல்ட்ஸ்பாருக்கு மட்டும் கம்பியோட கடைசில 500னு போட்ட குண்ட மாட்டணும். அந்தக் குண்டு நிஜத்துல 500 கிராம் இருக்காது, ரொம்ப கம்மியா தான் இருக்கும், நீளமான கைல தொங்குறதால அது 500க்கு சமம். அதனால ஒரு மாடலோட குண்டு இன்னொண்ணுக்கு ஆகாது. எனக்கு வந்திருந்தது வேற தராசோட குண்டு!

கண்டுபுடிச்சது இப்படித்தான்: ஒரு டப்பால மணல் போட்டு ரைடர்லயே 550க்கு நிறுத்தினேன், அப்புறம் குண்ட மாட்டி ரைடர 50க்கு கொண்டு வந்தா முள்ளு கீழ, ரைடர் எல்லாத்தையும் சைபருக்கே தள்ளியும் கீழ தான். எடைக்கல்லே வேணாம், தராசோட பொய்ய அதே தராச வச்சு புடிச்சிரலாம்.

அந்த சர்வீஸ் ஆளுக்குப் போன் பண்ணா, "கிளேஸ்ல விகிதம் தானங்க முக்கியம், தராசு கொஞ்சம் தப்பா காட்டினாலும் எல்லாம் சேர்ந்து தான மாறும்"னாரு. கேக்க நல்லா தான் இருக்கு. எல்லாத்தையும் ஒரே சதவீதத்துல தப்பா காட்டினா அவர் சொல்றது சரி, ஒத்துக்குறேன். இங்க ஃபெல்ட்ஸ்பார் மட்டும் தான மாறுது, மத்த மூணும் அப்படியே இருக்கே, அப்புறம் என்ன விகிதம்?

இன்னொண்ணு, நைஃப் எட்ஜ்ல (தராசுக் கம்பி உக்காந்து ஆடுற கூர் முனைல) எண்ணெய் வேற விட்டிருக்காரு. அங்க எண்ணெயே படக்கூடாது, சிலிக்கா தூசி போய் அப்பிக்கும், அப்புறம் முள்ளு சோம்பேறி ஆயிடும். தராசு சமமா நிக்கும்போது சின்ன ரைடர 0.1 நகத்தினா முள்ளு அசையணும், எனக்கு அரை கிராம் வரைக்கும் அசையல. 100 கிராம் டெஸ்ட் பேட்ச்ல நீல நிறத்துக்குப் போடுற கோபால்ட் கார்பனேட் 0.5 சதவீதம்னா மொத்தமே அரை கிராம் தாங்க, போட்டாலும் போடலன்னாலும் தராசுக்குத் தெரியாது. துணில ஸ்பிரிட் தொட்டு தொடச்சதும் சரியாச்சு, முள்ளோட ஆட்டத்த சீக்கிரம் நிறுத்துற காந்தம் இருக்க இடுக்குல இருந்த இரும்புத் தூளையும் டேப் ஒட்டி எடுத்தேன், சர்வீஸ் பண்ணவரு அந்தப் பக்கமே போகல.

குடுக்கும்போதே குண்டுல பெயிண்ட்டால அடையாளம் போட்டு போட்டோ எடுத்துக்கோங்க. திரும்பி வந்ததும் 550 டெஸ்ட்ட அவர் முன்னாடியே பண்ணிட்டு அப்புறம் காசு குடுங்க. என் பழைய குண்டு எங்கன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல, இப்ப ஃபெல்ட்ஸ்பார ரெண்டு தடவையா 300, 300னு ரைடர்லயே போட்டுக்கறேன்.