ஐவரியா, வெளிர் சாம்பலா? இரண்டு பெயின்டையும் சுவரில் அடித்துச் சில வருஷம் குடியிருந்தபின்

மதுரை வீட்டில் மேற்கு பார்த்த ஹாலுக்கு ஐவரி, வடக்கு ஜன்னல் உள்ள படுக்கையறைக்கு வெளிர் சாம்பல். இரண்டும் ஒரே கம்பெனியின் மேட் எமல்ஷன், அதாவது பளபளப்பில்லாத சுவர் பெயின்ட். சுவரைச் சமன்செய்யும் பட்டி, அடிப்பூச்சான பிரைமர், ரெண்டு கோட்டு என வேலையிலும் வித்தியாசம் கிடையாது. அறையும் வெளிச்சமும் வேறுதான் என்றாலும், நிறத்தை ஒப்பிடத் தோதாக இருந்தது.

ஐவரியில் மஞ்சள் சாயல் உண்டு. சாயங்கால வெயில் விழுந்தால் ஹால் சந்தனம் பூசினாற்போல் ஆகிவிடும். ராத்திரி 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, கூடக்கூட நீலம் ஏறும்) வெள்ளை டியூப்லைட்டில் அதே சுவர் சாதாரண வெள்ளைதான்.

சாம்பல்தான் ஆட்டம் காட்டியது. ஷேட் கார்டில் சுத்தமான சாம்பல், சுவரில் நீலம்! வடக்கு ஜன்னலில் நேர் வெயில் குறைவு. வருவது வானத்து வெளிச்சம், அதிலேயே நீலம் தூக்கல். ராத்திரிக்கு வெள்ளை டியூப்லைட் வேறு. 4000 கெல்வின் பல்பு மாட்டியதும் ராத்திரியிலாவது சாம்பல் சாம்பலாகத் தெரிந்தது. வீட்டம்மாவுக்கு அந்த நீலமே பிடித்துப்போயிருந்தது, அது தனிப் பஞ்சாயத்து.

அழுக்கு விஷயத்தில் ஐவரி படுமோசம். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் தடம், சோபாவுக்குப் பின்னால் தலை எண்ணெய்ப் பிசுக்கு. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் கறை போகும். ஆனால் மேட் பெயின்ட் என்பதால் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். சாம்பலில் கைத்தடம் கண்ணுக்கே படாது. அதற்குப் பதில், குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறி உப்பு பூத்ததும் தூரத்திலிருந்தே பல்லிளித்தது. கட்டில் உரசிய இடத்திலும் உள்ளே இருக்கும் பட்டி வெள்ளையாக எட்டிப்பார்க்கிறது. மீதி பெயின்டில் டச்சப் செய்தால் ஐவரி ஓரளவு கலந்துவிடும், சாம்பல் திட்டுத்திட்டாக நிற்கும். டின் மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் கலந்த நிறத்தை அது இல்லாமல் மறுபடி வாங்குவது பெரும்பாடு.

நிறம் முடிவு பண்ணுவதற்கு முன் சின்ன டின் ஒன்று வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச்சுவரிலும் ரெண்டடிக்கு ரெண்டடி அடித்து, நன்றாகக் காய்ந்தபின் பகலிலும் ராத்திரியிலும் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பவேண்டாம்.

அடுத்த தடவையும் ஹாலுக்கு ஐவரிதான், ஆனால் துடைக்கத் தோதாக, லேசான பளபளப்புள்ள சாட்டின் பெயின்டில். சாட்டின் சுவரின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும், பட்டி வேலைக்குக் கூடுதல் காசு எடுத்து வைக்கவேண்டும். படுக்கையறைக்கு மஞ்சள் சாயல் சேர்ந்த சாம்பல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஓதத்தைச் சரிபண்ணிவிட்டுத்தான் அதில் கை வைக்கணும்.