செங்காந்தள் கிழங்கு: முளையைப் பாத்து வாங்குங்க

கொட்டிவாக்கத்துல எங்க வீட்டைச் சுத்தி வெறும் கடல் மணல். ரோஜா, மல்லி எதுவும் நிக்கலை. ஆனா வேதாரண்யம் பக்கம் எங்க ஊர்ல இதே மாதிரி மணல்ல, வேலியோரமா, யாரும் தண்ணி ஊத்தாமலே கண்வலிப்பூ, அதாவது செங்காந்தள், ஏறிக் கிடக்கும். அந்த நினைப்புலதான் போன ஜூன்ல ஈ.சி.ஆர். ஓரம் ஒரு நர்சரியில செங்காந்தள் கிழங்கு வாங்கினேன். ஒண்ணு 150 ரூபாய், ரெண்டு எடுத்தேன்.

கிழங்கு ரெண்டு கை விரிஞ்சு கலப்பை மாதிரியே இருக்கும். கலப்பைக் கிழங்குன்னு பேர் வந்ததே அதனாலதான். கை நுனியில சின்னதா முளை. அது ஒடிஞ்சா கிழங்கு எவ்வளவு பெருசா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. முன்னாடி ஆன்லைன்ல வாங்கினது அப்படித்தான் வந்து, மண்ணுக்குள்ளயே அழுகிப்போச்சு. இந்தக் கடைக்காரர் "முளையைப் பாத்து எடுங்கம்மா"ன்னு கூடையைக் கவுத்துக் காட்டி, ஒடிஞ்சதை அவரே ஒதுக்கிட்டார்.

காம்பவுண்ட் ஓரம் படுக்க வெச்சு, ரெண்டு அங்குலம் மண் மூடினேன். மூணு வாரத்துல முளை வந்துச்சு. இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறிச்சு. செப்டம்பர்ல பூ. மொட்டு பச்சையா தலைகீழாத் தொங்குது. விரியும்போது ஆறு இதழும் நெளிநெளியா மேல திரும்பிக்குது. அடி மஞ்சள், நுனி சிவப்பு. நாள் ஆக ஆக மஞ்சள் மறைஞ்சு முழுசும் செக்கச்செவேல்னு ஆகிடுது. தினமும் காலையில காபியோட அங்கேயே நின்னேன்.

ஒரு விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. அட்டையில 'மூலிகை, மாநில மலர்'னு மட்டும் போட்டிருந்தாங்க. இந்தச் செடியில வேர்லேர்ந்து விதை வரைக்கும் கோல்சிசின்ங்கிற விஷம். கிழங்கைத் தின்னா உயிரே போகும். பாக்கறதுக்கு வள்ளிக்கிழங்கு மாதிரி வேற இருக்கு. அதைக் கீரை விதையோட ஒரே கவர்ல போட்டு, ஒரு வார்த்தை சொல்லாம கொடுத்தாங்க. அடுத்த தடவை போய்ச் சொன்னேன், எழுதி வைக்கிறேன்னார். டிசம்பர்ல பாத்தப்பவும் அதே அட்டை. கிழங்குக்கு 5க்கு 5, கடைக்கு 3தான்.

இப்போ கொடி காஞ்சிடுச்சு. கிழங்கு மண்ணுக்குள்ள தூங்குது, அதனால தண்ணி ஊத்தறதில்லை. பேத்தி மண்ணு கிளறி விளையாடுற இடம்கிறதால ஓட்டுச் சில்லு ஒண்ணுல சிவப்பு பெயிண்ட்ல 'விஷம்'னு எழுதி அங்கே நட்டு வெச்சிருக்கேன்.