‘டு’ போதுமா, ‘ஷுட்’ வேண்டுமா? ஆங்கில ரிலேட்டிவ் கிளாஸில் மோடல் வினைகள்

‘செய்ய வேண்டிய வேலை’ என்று தமிழில் மூன்று சொற்களில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பல வடிவங்கள் உண்டு: ‘வொர்க் தட் ஐ மஸ்ட் டூ’, ‘வொர்க் ஐ ஷுட் டூ’, ‘வொர்க் டு டூ’, ‘வொர்க் டு பி டன்’. எல்லாமே இலக்கணப்படி சரி. அதனாலேயே இவை ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையான போட்டி இரண்டு அணிகளுக்கு இடையேதான். ஒன்று, மோடல் வினையை (கேன், ஷுட், மஸ்ட் போல முடியும், வேண்டும் என்ற பொருள் தரும் துணைவினையை) வெளிப்படையாகச் சொல்லும் முழு ரிலேட்டிவ் கிளாஸ், அதாவது ஹூ, விச், தட் போன்ற சொல்லோடு வந்து ஒரு பெயரை விளக்கும் தொடர். மற்றது, மோடலை விழுங்கிவிட்டு ‘டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும் குறுந்தொடர். பேச்சிலும் கதையிலும் நான் ‘டு’வின் பக்கம். விதி, அறிவிப்பு, ஒப்பந்தம் என்று யாராவது படித்துவிட்டு அதன்படி நடக்க வேண்டிய எழுத்தில் மோடலின் பக்கம்.

முதலில், போட்டி ஏன் இந்த இரண்டுக்குள் அடங்குகிறது என்பதைப் பார்க்கலாம். சாதாரண வினையாக இருந்தால் ஆங்கிலம் ரிலேட்டிவ் கிளாஸைச் சுருக்க இன்னொரு வழி தருகிறது. ‘தி மேன் ஹூ இஸ் ஸ்டாண்டிங் தேர்’ என்பதை ‘தி மேன் ஸ்டாண்டிங் தேர்’ ஆக்கலாம். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய ஒன்பது மோடல்களுக்கும் ‘இங்’ வடிவம் கிடையாது. ‘டு’வோடு சேரும் வடிவமும் கிடையாது. ‘கேனிங்’, ‘மஸ்டிங்’ என்று ஒன்றும் இல்லை. தமிழில் வேண்டும் என்பது ‘வேண்டிய’ ஆகிறது, கூடும் என்பது ‘கூடிய’ ஆகிறது. பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஆங்கில மோடலுக்கு அந்த வசதி இல்லை. ஒன்று, ஹூ, விச், தட் என்று முழுத் தொடராக வர வேண்டும், அல்லது ‘ஏபிள் டு’ போன்ற ஒன்றுக்கு இடம் விட வேண்டும், அல்லது ‘டு’வுக்குள் மறைந்துகொள்ள வேண்டும்.

மறைந்துகொள்ளும்போது என்ன நடக்கிறது? ‘தி பெர்சன் டு ஆஸ்க்’ என்றால் கேட்க வேண்டிய ஆள். உள்ளே இருப்பது ஷுட். ‘எ ப்ளேஸ் டு ஸ்லீப்’ என்றால் தூங்கக்கூடிய இடம். உள்ளே இருப்பது கேன். ‘தி நெக்ஸ்ட் ட்ரெயின் டு அரைவ்’ என்றால் அடுத்து வரப்போகும் ரயில். உள்ளே இருப்பது வில். மூன்றிலும் வெளியே தெரிவது ஒரே ‘டு’தான். எது உள்ளே இருக்கிறது என்பதைச் சூழலை வைத்துக் கேட்பவர்தான் ஊகித்துக்கொள்கிறார்.

சில இடங்களில் உள்ளே மோடலே கிடையாது. 1963-இல் வாலண்டினா தெரஷ்கோவா ‘தி ஃபர்ஸ்ட் வுமன் டு கோ இன்டு ஸ்பேஸ்’. 1969-இல் நீல் ஆம்ஸ்ட்ராங் ‘தி ஃபர்ஸ்ட் பெர்சன் டு வாக் ஆன் தி மூன்’. இவை நடந்து முடிந்தவை. இங்கே ‘ஹூ குட் வாக்’ என்று மோடலை நுழைத்தால், நடக்கும் திறன் முதலில் வாய்த்த மனிதர் என்று பொருள் திரும்பிவிடும். உலகத்துக் குழந்தைகள் எல்லாம் சண்டைக்கு வருவார்கள். ஃபர்ஸ்ட், லாஸ்ட், ஒன்லி, பெஸ்ட் போன்ற சொற்களுக்குப் பின்னால் ‘டு’தான் இயல்பு. இந்தச் சுற்றில் போட்டியே இல்லை.

இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று சொல்கிறேன். ‘ஐ நீட் சம்ஒன் ஹூ கேன் டிரைவ்’, ‘ஐ நீட் சம்ஒன் டு டிரைவ்’. முதலாவது கேட்பது வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரை. அவர் இன்று ஓட்ட வேண்டும் என்றில்லை, தெரிந்திருந்தால் போதும். இரண்டாவது கேட்பது ஓட்டும் வேலையைச் செய்ய ஒருவரை. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரத்தில் இந்த இரண்டையும் குழப்பினால், திறமையைச் சோதிக்கிறீர்களா, வேலையை ஒப்படைக்கிறீர்களா என்று விண்ணப்பிப்பவருக்குத் தெரியாது.

செய்பவர் யார் என்பதையும் ‘டு’ மறைத்துவிடுகிறது. ‘தி மேன் டு ஹெல்ப்’ என்றால் நமக்கு உதவப்போகும் மனிதரா, நாம் உதவ வேண்டிய மனிதரா? இரண்டும்தான். ‘தி மேன் ஹூ வில் ஹெல்ப் அஸ்’, ‘தி மேன் வீ ஷுட் ஹெல்ப்’ என்று விரித்தால் சந்தேகம் தீர்ந்தது. இந்த இரண்டாவது வாக்கியத்தில் ‘ஹூம்’ இல்லாததைக் கவனியுங்கள். ரிலேட்டிவ் சொல் செயப்படுபொருளாக இருந்தால் அதை விட்டுவிடலாம். எழுவாயாக இருந்தால் விடக்கூடாது. ‘தி மேன் கேன் ஹெல்ப் அஸ் இஸ் ஹியர்’ என்று எழுதினால் வாக்கியமே உடைந்துபோகும்.

ஊகமும் ‘டு’வுக்கு எட்டாத பொருள். ‘எ டிசிஷன் தட் மைட் பி ராங்’, அதாவது தவறாக இருக்கக்கூடிய முடிவு, என்பதை ‘டு’வால் சொல்ல முடியாது. ‘எ மேன் ஹூ மஸ்ட் பி எய்ட்டி’ என்றால் எண்பது வயது இருக்கும் என்று கணிக்கிறோம். அதையும் சுருக்க வழியில்லை. கடந்த காலத்து வருத்தமும் அப்படியே. ‘தி லெட்டர் ஐ ஷுட் ஹேவ் ரிட்டன்’, எழுதியிருக்க வேண்டிய கடிதம். இந்த ஏக்கத்தை ‘தி லெட்டர் டு ரைட்’ என்பதில் தேடினாலும் கிடைக்காது. கட்டாயம், வாய்ப்பு, வரப்போவது ஆகியவற்றோடு ‘டு’ நின்றுவிடுகிறது.

இனி, தமிழ் வழியாக ஆங்கிலம் கற்றவர்கள் அதிகம் தடுக்கி விழும் பள்ளம். ‘நான் பேச வேண்டிய ஆள்’ என்கிறோம். அவரிடம் பேச வேண்டுமா, அவரோடு பேச வேண்டுமா, அவரைப் பற்றிப் பேச வேண்டுமா? பெயரெச்சம் வேற்றுமை உருபை விழுங்கிவிடுகிறது. நமக்கு அது உறுத்துவதே இல்லை. ஆங்கிலம் விடாது. ‘தி பெர்சன் ஐ ஷுட் டாக் டு’, ‘டாக் வித்’, ‘டாக் அபௌட்’ என்று முன்னிடைச்சொல்லை (ப்ரெபொசிஷனை) வாக்கியத்தின் வாலிலாவது கட்டித் தொங்கவிட வேண்டும். முழுத் தொடரில் ஷுட்டுக்கு முன்னால் எழுவாய், பின்னால் வினை என்று ஒரு வாக்கியத்தின் உருவம் தெரிவதால், விடுபட்டது ஓரளவு கண்ணில் படும். ‘டு’ தொடரில் படாது. எழுதப் பேனா, எழுதக் காகிதம், எழுதத் தலைப்பு எல்லாம் தமிழில் ஒரே அச்சு. ஆங்கிலத்தில் ‘எ பென் டு ரைட் வித்’, ‘பேப்பர் டு ரைட் ஆன்’, ‘எ டாபிக் டு ரைட் அபௌட்’. உட்கார நாற்காலி என்பது ‘எ சேர் டு சிட் ஆன்’. கவலைப்பட ஒன்றுமில்லை என்பது ‘நத்திங் டு வரி அபௌட்’. அந்த ‘அபௌட்’டைக் கைவிட்ட கடிதங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ‘எ ப்ளேஸ் டு லிவ்’ மட்டும் ‘இன்’ இல்லாமலேயே வழக்கில் ஏறிவிட்டது. ‘ப்ளேஸ்’ என்ற சொல்லுக்கு அந்தச் சலுகை.

வாலில் தொங்குவது பிடிக்காதவர்கள் முன்னிடைச்சொல்லை முன்னால் கொண்டுவரலாம்: ‘எ பென் வித் விச் டு ரைட்’. சரியான ஆங்கிலம்தான், கொஞ்சம் விறைப்பு. ஆனால் முன்னிடைச்சொல் இல்லாமல் ‘எ புக் விச் டு ரீட்’ என்று எழுத முடியாது.

‘டு டூ’வா, ‘டு பி டன்’னா என்பதில் பெரும்பாலும் எதை எழுதினாலும் குடி முழுகிவிடாது. எழுவாய் நாமாக இருந்தால் ‘ஐ ஹேவ் வொர்க் டு டூ’. வேலை மட்டும் நிற்கும்போது ‘தேர் இஸ் வொர்க் டு டூ’, ‘டு பி டன்’ இரண்டும் பொருந்தும். விதிவிலக்கு ‘சீ’. ‘நத்திங் டு சீ’ என்றால் பார்க்கத்தக்கதாக ஒன்றும் இல்லை. ‘நத்திங் டு பி சீன்’ என்றால் கண்ணுக்கு எதுவுமே தென்படவில்லை. முன்னதில் சலிப்பு, பின்னதில் வெறுமை.

மோடல் அணியைத் தேர்ந்தெடுத்தவுடன் எல்லாம் தெளிவாகிவிடும் என்றும் இல்லை. அந்த அணிக்குள் மோசமான ஆட்டக்காரர் ‘மே’. ‘மெம்பர்ஸ் ஹூ மே நாட் வோட்’ என்று ஒரு விதி இருந்தால், வாக்களிக்கத் தடை செய்யப்பட்டவர்களா, வாக்களிக்காமல் போகக்கூடியவர்களா? இரண்டு வாசிப்பும் செல்லும், ஒருவர் உரிமை நடுவில் தொங்கும். தடை என்றால் ‘ஹூ ஆர் நாட் அலவுட் டு வோட்’. ஐயம் என்றால் ‘ஹூ மைட் நாட் வோட்’. நீளம் கூடினாலும் பரவாயில்லை. ‘ஷல்’லையும் நான் ஒதுக்கிவிடுவேன். அமெரிக்காவில் 2010-இல் எளிய எழுத்துச் சட்டம் வந்தது; அந்நாட்டுக் கூட்டாட்சி அரசின் எளிய மொழி வழிகாட்டியும் கட்டாயத்தைச் சொல்ல ஷல்லுக்குப் பதில் மஸ்ட் என்றுதான் பரிந்துரைக்கிறது.

‘வில்’லிடமும் எச்சரிக்கை தேவை. ‘முதலில் வரும் ஆளுக்குப் பரிசு’ என்பதில் உள்ள ‘வரும்’ நம்மை நேராக வில்லுக்கு இழுத்துச் செல்கிறது: ‘தி பெர்சன் ஹூ வில் கம் ஃபர்ஸ்ட் வில் கெட் தி ப்ரைஸ்’. முக்கிய வினையில் வில் வந்துவிட்ட பிறகு, யார் என்று குறிப்பிடாத இப்படிப்பட்ட ரிலேட்டிவ் கிளாஸுக்குள் அது பொதுவாகத் தேவையில்லை. ‘ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட்’ போதும். மோடலை விடச் சாதாரண நிகழ்காலமே வெல்லும் இடம் இது.

கடைசியாக, இரண்டு அணியிலும் சேராத மூன்றாமவர்: ‘ஏபிள்’ என்று முடியும் பெயரடைகள். ‘எ ஷர்ட் தட் கேன் பி வாஷ்ட்’ என்பதை ‘எ வாஷபிள் ஷர்ட்’ என்று சுருக்கலாம். சிக்கனம் கவர்ச்சியானது, ஆனால் எல்லா ‘ஏபிள்’லுக்குள்ளும் கேன் இருக்கிறது என்று நம்பக்கூடாது. ‘எ ரீடபிள் புக்’ படிக்க முடிந்த புத்தகம் மட்டுமல்ல, படிக்கச் சுகமான புத்தகம். அது ஒரு பாராட்டு. ‘தி அமௌன்ட் பேயபிள்’ என்பதில் இருப்பதோ கேன் அல்ல, மஸ்ட். செலுத்தக்கூடிய தொகை என்று அதைப் புரிந்துகொண்டு, முடிந்தால் கட்டலாம் என்று இருந்துவிட்டவருக்கு அடுத்த கடிதத்தில் அபராதம் வரும்.