ஸ்மார்ட்லைஃப்சைக்கிள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

செய்தி வரிசையிலிருந்து கோரிக்கைகளைப் படித்துத் தரவுத்தளத்தில் எழுதும் ஒரு சேவையில், ஜாவா செயலிகளுக்கான சட்டகமான ஸ்பிரிங் வழங்கும், கூறுகள் தொடங்கும், நிற்கும் வரிசையை ஒழுங்குசெய்யும் ஸ்மார்ட்லைஃப்சைக்கிள் இடைமுகத்தை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொரு கூறும் தன் கட்ட எண்ணைச் சொல்லும்; சிறிய எண் முதலில் தொடங்கும், நிறுத்தும்போது பெரிய எண் முதலில் நிற்கும்.

தொடங்கும் வரிசை பிசகினால் செயலி எழும்போதே பிழை காட்டிவிடும். நிறுத்தும் வரிசை பிசகினால் எதுவும் காட்டாது. ஆகவே வடிவமைப்பை நிறுத்தத்திலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. எங்கள் படிப்பானும் (செய்திகளைப் படிக்கும் கூறு) எழுதுவானும் (தரவுத்தளத்தில் எழுதும் கூறு) எண் குறிப்பிடப்படாமல் இருந்தன. இயல்பு மதிப்பு முழு எண்ணின் உச்ச வரம்பு என்பதால் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்தன. ஒரே கட்டத்துக்குள் நேரடிச் சார்பு இருந்தால் மட்டுமே வரிசைக்கு உறுதி உண்டு. எங்களுடையவையோ நேரடிச் சார்பின்றி, நினைவகத்தில் வைத்த காத்திருப்பு வரிசை ஒன்றின் வழியே பேசிக்கொண்டன. சில வெளியீடுகளின்போது எழுதுவான் முந்தி நின்றதால், பெற்றுக்கொண்டதாக ஒப்புகை அனுப்பப்பட்ட செய்திகள் எழுதப்படாமலே போயின. எழுதுவானுக்கு 100, படிப்பானுக்கு 300 என்று கொடுத்த பிறகு அந்த இழப்பு நின்றது. முதலில் 1, 2, 3 என்று எண்ணிட்டிருந்தால் பின்னர் வந்த மீள்முயற்சிக் கூறுக்கு இடையில் இடமே இருந்திருக்காது.

இன்னொரு கவனம்: நிறுத்தும் செயற்கூறு பெறும் பின்னழைப்பை (நின்று முடிந்ததைத் தெரிவிக்கும் அழைப்பை), பிழை நேர்ந்த பாதையிலும் கட்டாயம் அழைக்க வேண்டும். அழைக்கத் தவறினால் அந்தக் கட்டம் காலக்கெடு முடியும்வரை காத்திருக்கும். அந்தக் கெடு நெடுங்காலம் 30 விநாடியாக இருந்து, ஸ்பிரிங் 6.2 பதிப்பில் 10 விநாடியாகக் குறைந்தது. செயலிகளைக் கொள்கலன்களில் இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ், நிற்பதற்கு இயல்பாக அளிக்கும் அவகாசமும் 30 விநாடிதான் என்பதால், பழைய பதிப்பில் ஒரு கூறு விட்டுவிட்ட அழைப்பே முழு அவகாசத்தையும் விழுங்கிவிடும். அடுத்த கட்டங்கள் நிற்பதற்குள் செயலி கொல்லப்படும். இயங்குகிறதா என்ற வினாவுக்கு 'இல்லை' என்று பதில் தரும் கூறுக்கு நிறுத்த அழைப்பே வராது என்பதையும் மறக்கக் கூடாது.

எண்களின் குறை, அவை காரணத்தைச் சொல்வதில்லை என்பது. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் சேவைகளில் 'இதற்குப் பின்' என்று பெயர் சொல்லியே வரிசை அமைக்கிறோம். நிறுத்தத்தில் அதுவே தலைகீழாகிறது. அந்தத் தெளிவு இங்கு இல்லாததால், எல்லா எண்களையும் பெயரிட்ட மாறிலிகளாக ஒரே கோப்பில் வைத்து, நூலகங்கள் கொண்டுவரும் கூறுகளையும் சேர்த்து, இறுதி வரிசையை ஒவ்வொரு தொடக்கத்திலும் பதிவேட்டில் அச்சிடுகிறோம்.