பிளேஃபேர் டிஸ்ப்ளே: ஏழு வருடப் பழக்கம்

கோவையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு அழைப்பிதழ், எப்போதாவது ஒரு புத்தக அட்டை. ஆங்கிலப் பெயர்களைப் பெரிதாகப் போட வேண்டிய இடத்தில் ஏழு வருடமாக என் கை தானாகப் போவது பிளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துருவுக்குத்தான். டென்மார்க்கைச் சேர்ந்த கிளாஸ் எகர்ஸ் சோரன்சென் வடிவமைத்து 2011இல் கூகுள் ஃபாண்ட்ஸில் வந்தது. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்பதால் கடை வேலைக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. நான் முதலில் எடுத்ததற்குக் காரணம் அது மட்டும்தான்.

விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. ஆங்கில ஓ எழுத்தை 72 பாயின்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வயிறு புடைத்திருக்கும். உச்சியிலும் அடியிலும் கோடு மயிரிழையாக இளைத்துவிடும். சின்ன எழுத்து சி, ஆர், எஃப் ஆகியவற்றின் நுனியில் மைத்துளி சொட்டி நின்ற மாதிரி ஓர் உருண்டை. மணமக்கள் பெயருக்கு இதைப் போட்டால் மேலே பூ, மயில், கொடி எதுவும் வேண்டாம். எனக்கு அந்த மயில்களைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மயிரிழைதான் வினையும். கடை ஆரம்பித்த புதிதில் அடர் அரக்குப் பின்னணியில் ஒரு பத்திரிகை செய்தேன். பெயர்கள் 40 பாயின்டில் கம்பீரமாக இருந்தன. அதே தோற்றம் வர வேண்டுமே என்று மண்டப முகவரியையும் இதிலேயே 8 பாயின்டில், வெள்ளையாக ரிவர்ஸில் விட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அழகுதான். நாலு கலரில் அடிக்கும்போது ரெஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, துளி விலகினாலும், மை கொஞ்சம் பரவினாலும், முதலில் அடைபடுவது மெல்லிய கோடுதான். ஆயிரம் பத்திரிகையிலும் ஆங்கிலச் சின்ன எழுத்து n-இன் மேல் வளைவு காணாமல் போய், இரண்டு குச்சிகள் தனித்தனியாக நின்றன. அச்சக அண்ணன் லென்ஸை என் கையில் கொடுத்து, “நீயே பாரு தம்பி, பாதி எழுத்தக் காணோம்” என்றார். தப்பு என்னுடையது. மறு அச்சுக் காசும் என்னுடையதே.

பெயரிலேயே டிஸ்ப்ளே, அதாவது பெரிய அளவுக்கானது, என்று இருப்பதை அன்றைக்குத்தான் சரியாகப் படித்தேன். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக அச்சு வெட்டினார்கள். சின்ன அளவுக்கு வெட்டும்போது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக விடுவார்கள். கணினியிலோ ஒரே படத்தைச் சுருக்கிவிடுகிறோம், கோடும் கூடவே சுருங்குகிறது. இந்த எழுத்துருவுக்கு முன்மாதிரிகளில் ஒருவரான இங்கிலாந்தின் பர்மிங்காம் அச்சுக்காரர் ஜான் பாஸ்கர்வில், 18ஆம் நூற்றாண்டில் தன் மெல்லிய கோடுகளுக்காகவே வழவழப்பான தாளும் அடர்ந்த மையும் தயார் செய்துகொண்டவர். நானோ சொரசொரப்பான டெக்ஸ்சர் அட்டையில் கோல்டு ஃபாயில் வைத்து அழுத்தச் சொன்னேன். கோடு விட்டுவிட்டுத்தான் விழுந்தது. இப்போது அந்த அட்டை என்றால் போல்டுக்குக் கீழே போவதில்லை.

அடுத்தது எண்கள். இதில் ஏமாறாத ஆள் இருக்க மாட்டார். இயல்பாக வருவது பழைய பாணி எண்கள்: 0, 1, 2 குள்ளமாக நிற்கும்; 3, 4, 5, 7, 9 கீழே தொங்கும்; 6, 8 மேலே எழும்பும். வாக்கியத்துக்குள் வந்தால் அழகு. முகூர்த்தம் 6.00 – 7.30 என்று தனியாகப் போட்டால் மாடிப்படி. ஒரு பெண் வீட்டார் புரூஃபைப் பார்த்துவிட்டு, “என்ன சார், போன் நம்பர் ஏறி இறங்கிக் கிடக்குது, கோணலா அடிச்சிட்டீங்களா?” என்று கேட்டார்கள். நான் பாரம்பரியம், அழகியல் என்றெல்லாம் ஆரம்பித்தேன். எதிர்முனையில் பேச்சே இல்லை. சரி என்று பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஓப்பன்டைப் மெனுவுக்குப் போய் லைனிங் எண்களுக்கு மாற்றினேன், எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. இரண்டு கிளிக்தான். அது தெரியாமல் எண்களுக்கு மட்டும் வேறு ஃபாண்ட் போட்டு ஒப்பேற்றிய நண்பர்கள் எனக்கு உண்டு.

தமிழோடு சேர்ப்பது தனி வேலை. இதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. நான் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் பக்கத்தில் வைக்கிறேன். அதிலும் தடிப்பு மெலிவு இருப்பதால் இரண்டும் ஒட்டிப்போகின்றன. ஆனால் பிளேஃபேரில் g, p போன்றவற்றில் வரிக்குக் கீழே இறங்கும் அடிக்கால்கள் குட்டை. அதனால் 24 பாயின்ட் எழுத்தை 26 பாயின்ட் வரி இடைவெளியிலேயே நெருக்கி அடுக்கலாம். அதே இடைவெளியைத் தமிழுக்குக் கொடுத்தால் மேல் வரியின் ழ, ஞ இரண்டும் கீழ் வரி எழுத்துகளின் மேல் பகுதியில் போய் இடிக்கும். தமிழ் வரிக்கு 30, சில சமயம் 32கூடக் கொடுக்கிறேன்.

சின்ன எழுத்துப் பிரச்சினைக்கு சோரன்செனே வழி செய்துவிட்டார். பிற்பாடு வந்த பிளேஃபேர், டிஸ்ப்ளே என்ற வால் இல்லாத வேரியபிள் எழுத்துரு, அதாவது ஒரே ஃபைலுக்குள் வடிவத்தை மாற்றிக்கொள்ளக்கூடியது. அளவு குறையக் குறைய மெல்லிய கோடு தடிக்கிற மாதிரி வரைந்திருக்கிறார். இணையப் பக்க வேலைகளுக்கு இப்போது அதுதான். அச்சுக்கு மட்டும் பழையதையே வைத்திருக்கிறேன், 14 பாயின்டுக்குக் கீழே இறக்குவதில்லை. அதற்கும் சின்ன விவரங்களுக்கு ஜார்ஜியா எழுத்துரு. அதிலும் எண்கள் ஏறி இறங்கித்தான் வரும் என்பதால் போன் நம்பரை ஒரு தடவை தனியாகப் பார்த்துவிடுவேன்.

போன மாதம் அந்தப் பெண் வீட்டாரே இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு வந்தார்கள். பழைய பத்திரிகையை மேஜையில் வைத்து, “இதே எழுத்துதான் வேணும். நம்பர் மட்டும் நேரா நிக்கட்டும்” என்றார்கள்.