பல்கலைக்கழகமா, ஆய்வு நிலையமா, நிறுவனமா: முனைவர் பட்டத்துக்குப் பின் எந்தக் கதவு?

அறிவியலில் முனைவர் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் பேராசிரியர் ஆக வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் வரும் பதில், ‘ஆராய்ச்சி செய்யத்தான்’. இந்தப் பதில் எனக்குக் கவலை தருகிறது. ஆராய்ச்சியைத் தன் கையால் செய்து மகிழ்பவரை அதிலிருந்து மெல்ல மெல்லப் பிரித்துவிடும் வேலை பேராசிரியர் வேலை. அதில் பெரிய மகிழ்ச்சி இருக்கிறது, ஆனால் அது வேறு வகை மகிழ்ச்சி. ஆய்வு நிலையம், தொழில் நிறுவனம், கற்பித்தலுக்கு முதலிடம் தரும் கல்லூரி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. பேராசிரியர் பதவி கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடங்களாக அவற்றைப் பார்ப்பது பெரும் தவறு.

ஒரே சிக்கலை ஒரு பல்கலைக்கழகமும் ஒரு நிறுவனமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கையில் எடுத்த கதை ஒன்று இருக்கிறது. நீல ஒளி தரும் டையோடின் (எல்.இ.டி.) கதை அது. சிவப்பு டையோடு 1962லேயே வந்துவிட்டது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் கைக்கு எட்டவில்லை. அதற்குத் தேவையான காலியம் நைட்ரைடைத் தரமான படிகமாக வளர்க்க யாராலும் முடியவில்லை என்பதால் பலர் வேறு பொருள்களுக்கு மாறிவிட்டார்கள். மாறாமல் நின்றவர்களில் ஒருவர் இசாமு அகசாகி. ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்துவிட்டு 1981இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்க்கும் உலையோடு மல்லுக்கு நின்றவர் மாணவர் ஹிரோஷி அமானோ.

1985இல் ஒருநாள் உலை வேண்டிய வெப்பத்துக்கு ஏறவில்லை. அந்தக் குறைந்த வெப்பத்திலேயே அலுமினியம் நைட்ரைடை மெல்லிய அடுக்காகப் படியவிட்டு, அதன்மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தார் அமானோ. அதுவரை தேய்த்த கண்ணாடிபோல் மங்கலாகவே வந்த படிகம், அன்று தெளிவாக இருந்தது. காலியம் வாயுவைத் திறந்துவிட மறந்துவிட்டோமோ என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகே, இத்தனை காலம் தேடிய சமதளமான படிகம் அதுதான் என்று தெரிந்தது.

மறுபக்கம் ஷுஜி நகாமுரா. 1979இல் நிச்சியா என்ற நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். முனைவர் பட்டம் அப்போது அவரிடம் இல்லை. நிறுவனத்தை உருவாக்கியவர் அவரை நம்பிப் பணம் ஒதுக்கினார், 1988இல் படிக வளர்ப்பைக் கற்க ஓராண்டு ஃபுளோரிடாவுக்கு அனுப்பவும் செய்தார். திரும்பி வந்த நகாமுரா, வாங்கிய உபகரணத்தைத் தானே பிரித்துத் தானே மாற்றி அமைத்தார். 1993இல் பிரகாசமான நீல டையோடை நிறுவனம் அறிவித்தது. 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு இந்த மூவருக்கும் சேர்ந்தே வழங்கப்பட்டது.

இந்தக் கதையில் நான் கவனிப்பது, உபகரணத்தின்மேல் யாருடைய கை இருந்தது என்பதை. பல்கலைக்கழகத்தில் மாணவரின் கை. அந்த மாணவர் பலமுறை தோற்றாலும் பொறுத்திருந்து, ‘இந்தப் பொருளை விடாதே’ என்று சொல்லிக்கொண்டிருப்பது பேராசிரியரின் பங்கு. நிறுவனத்தில் கை ஆய்வாளருடையதே. ஆனால் விளைந்தது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கே முளைத்தது. நகாமுராவுக்கு அந்தக் கண்டுபிடிப்புக்காக முதலில் கிடைத்த ஊக்கத்தொகை 20,000 யென். வழக்கு நீதிமன்றம்வரை போய், 2005இல் சுமார் 84 கோடி யென்னில் சமரசம் ஆனது. அதற்குள் அவர் நிறுவனத்தை விட்டு விலகி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பேராசிரியராகியிருந்தார்.

பேராசிரியரின் ஒரு வாரம் எப்படிப் போகிறது என்பதை உள்ளே இருப்பவனாகச் சொல்கிறேன். திங்களும் புதனும் வகுப்பு. ஒரு மணி நேர வகுப்புக்கு, அதை முதல்முறை எடுக்கும்போது, மூன்று நான்கு மணி நேரத் தயாரிப்பு. இடையில் ஆய்வு நிதிக்கான கருத்துரு. அதை எழுதி முடிக்க மாதங்கள் ஆகும், நிராகரிக்கப்பட்டால் அடுத்த சுற்றுக்குத் திருத்தி எழுத வேண்டும். பிறருடைய கட்டுரைகளை மதிப்பிடும் பணி, துறைக் கூட்டங்கள், பரிந்துரைக் கடிதங்கள், விடைத்தாள்கள். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய மாலை ஆகிவிடும்.

ஒருமுறை லேசர் கற்றை சற்றே விலகியிருப்பதைப் பார்த்து, பழக்கத்தில் கண்ணாடித் தாங்கியின் திருகை நோக்கிக் கை நீட்டினேன். என் மாணவி பதறித் தடுத்தார். “சார், அதைத் தொடாதீர்கள். போன மாதம் தாங்கியை மாற்றிவிட்டோம். இப்போது அந்தத் திருகு எதிர்த்திசையில் நகர்த்தும்.” பதினைந்து நிமிடத்தில் அவரே சரிசெய்துவிட்டார், என்னைவிட நேர்த்தியாக. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது. அந்த மேசையை அமைத்தவன் நான், இப்போது அது என் மேசை அல்ல. இரண்டு வாரம் கழித்து அதே மாணவி ஒரு வரைபடத்தை நீட்டி, நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வளைவு இறங்குவதைக் காட்டி, அதற்கான காரணத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். காரணம் சரியாக இருந்தது. அந்த மாலையின் மகிழ்ச்சியை என் சொந்த அளவீடுகள் எதுவும் எனக்குத் தந்ததில்லை. இந்த இரண்டு நாள்களையும் தராசின் இரு தட்டிலும் வைத்து, உனக்கு எது கனக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். முதல் நாளின் வலிதான் கனக்கிறது என்றால் பேராசிரியர் பதவி உன்னை வாட்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஆய்வு நிலையம் ஏற்ற இடம். பிரெட்ரிக் சாங்கரை நினைத்துப் பாருங்கள். வேதியியலில் 1958, 1980 என்று இரண்டு நோபல் பரிசுகள். ஆராய்ச்சியில் உள்ள சிந்தித்தல், பேசுதல், செய்தல் ஆகிய மூன்றில் தனக்குப் பிடித்ததும் தன்னால் நன்றாக முடிவதும் செய்தல்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். 1962இலிருந்து 1983இல் ஓய்வு பெறும்வரை கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருந்தார். மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் அந்த நிலையத்தில் குழுக்கள் சிறியவை. மூத்த விஞ்ஞானிகளும் சோதனை மேசையில் நிற்பது அங்கே இயல்பு.

வெங்கி ராமகிருஷ்ணனின் பாதை இந்த ஒப்பீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் இடம் கிடைக்காமல், 1982 முதல் 1995 வரை ஆய்வு நிலையங்களிலேயே வேலை பார்த்தார், அதில் பெரும்பகுதி புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில். பிறகு யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். அவரோ 1999இல் அந்தப் பதவியை விட்டு, சாங்கர் இருந்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்குப் போனார். உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிவது நீண்ட, தோற்கவும் கூடிய வேலை. ஒவ்வொரு சில ஆண்டுக்கும் புதிய நிதிக்கு விண்ணப்பித்துக்கொண்டு அதைச் செய்வது கடினம், நிலையான ஆதரவு வேண்டும். 2000இல் அதன் சிறிய அலகின் அமைப்பு வெளிவந்தது, 2009இல் நோபல் பரிசு. பேராசிரியர் பதவி எல்லா ஏணிக்கும் உச்சிப் படி என்று நினைப்பவர்கள் இந்த நகர்வைக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும்.

ஆய்வு நிலையத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. நிலையத்துக்கென ஒரு நோக்கம் இருக்கும், உங்கள் ஆர்வம் அதற்குள் அடங்க வேண்டும். புதிய மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து, நாம் கேட்க மறந்த எளிய கேள்விகளைக் கேட்கும் சலசலப்பு அங்கே குறைவு. நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சில நிலையங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு நடத்துவார்கள், அதில் தேறாவிட்டால் குழுவே கலைந்துவிடும்.

நிறுவனத்தைப் பற்றி என் கருத்து கடந்த சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. ஆழமான அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் நடக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் பாதி, வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் பேக்கருக்குப் போனது. இயற்கையில் இல்லாத புரதத்தை 2003லேயே வடிவமைத்துக் காட்டியது அவருடைய குழு. மறு பாதி கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். புரதத்தின் அமினோ அமிலத் தொடரிலிருந்து அதன் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற நிரலை உருவாக்கியதற்காக. கணினி வல்லுநர்களும் உயிரியலாளர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, பெரும் கணினித் திறனோடு ஒரே இலக்கை நோக்கி வருடக்கணக்கில் உழைப்பது நிறுவனத்தில் சாத்தியம். ஆளுக்கொரு ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய மாணவர்களை வைத்துப் பேராசிரியரால் அதைச் செய்வது எளிதல்ல. சம்பளமும் பொதுவாக நிறுவனத்தில்தான் அதிகம்.

ஆனால் கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள் அல்ல. என் நண்பர் ஒருவர் மருந்து நிறுவனமொன்றில் மூன்று ஆண்டுகள் ஒரு மூலக்கூற்றின் பின்னால் ஓடினார். முடிவுகள் நன்றாகவே இருந்தன. நிறுவனம் அந்த நோய்ப் பிரிவையே மூடிவிட முடிவெடுத்த நாளில் அவருடைய குறிப்பேடுகள் ஆவணக் காப்பறைக்குப் போய்விட்டன. அவற்றை வெளியிடவும் அனுமதி இல்லை. வேறு பிரிவில் நல்ல வேலை கொடுத்தார்கள், நன்றாகவும் இருக்கிறார். அந்த மூலக்கூற்றைப் பற்றி மட்டும் இன்றுவரை பேச மாட்டார்.

கற்பித்தலுக்கு முதலிடம் தரும் கல்லூரிப் பணியைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, அது எனக்கு வருத்தம். வகுப்பறையும் ஆராய்ச்சிக்கு உரிய களம்தான். 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், பிறகு தன் கவனத்தைக் கற்பித்தலின் பக்கம் திருப்பினார். 2011இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாடத்தை ஒரு வகுப்பு அனுபவமிக்க பேராசிரியரின் விரிவுரையாகக் கேட்டது, இன்னொரு வகுப்பு கேள்வி, கலந்துரையாடல், உடனடித் திருத்தம் என்று கற்றது. தேர்வில் விரிவுரை வகுப்பின் சராசரி 41 சதவீதம், மற்ற வகுப்புக்கு 74. இப்படி ஒரு மாற்றத்தை ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான மாணவர்களிடம் நிகழ்த்துவது சிறிய வாழ்க்கை அல்ல. ஆய்வுக்கூடம் சிறியதாக இருக்கும், நிதி குறைவாக இருக்கும், வகுப்புகள் அதிகம் இருக்கும். இதற்கு மனம் ஒப்பினால் தயங்க வேண்டாம்.

வாய்ப்பின் அளவையும் பேசியாக வேண்டும். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே அறிவியலில் முனைவர் பட்டம் பெறுபவர்களில் நிரந்தரக் கல்விசார் ஆய்வுப் பணியை அடைவோர் 3.5 சதவீதம், பேராசிரியர் ஆவோர் 0.45 சதவீதம். 200 பேரில் ஒருவருக்குக்கூட உறுதியில்லை. நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை இந்த எண் மாறும், ஆனால் நிலைமையின் போக்கு எங்கும் இதுதான். காத்திருப்பும் நீளமானது. முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ இடங்களில் தற்காலிக ஆய்வுப் பணி. பிறகு உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தாலும், அமெரிக்க முறையில் ஆறு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் டெனியூர் எனப்படும் நிரந்தர உரிமை தீர்மானமாகும். வீடு வாங்குவதையும் குழந்தை பெறுவதையும் பலர் தள்ளிப்போடும் ஆண்டுகள் இவை. நெறியாளர்கள் இதை மாணவர்களிடம் முதல் ஆண்டிலேயே சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை என்பது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இளநிலை மாணவர் ஒருவரை மூன்று மாதம் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சோதனை ஒன்றை அவர் கையில் முழுமையாக ஒப்படையுங்கள். அவர் தடுமாறும்போது பிடுங்கிச் செய்யத் துடிக்கிறதா, பொறுத்துக் கேள்வி கேட்க முடிகிறதா என்று கவனியுங்கள். அதே மூன்று மாதத்தில், உங்கள் அடுத்த ஐந்தாண்டு ஆராய்ச்சியை இரண்டு பக்கக் கருத்துருவாக எழுதி, வேறு துறையில் இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எழுதும் நாள்கள் சுமையாக மட்டும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேராசிரியரின் காலம் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் கழியும்.

ஒரு கதவில் நுழைந்தால் மற்றவை அடைத்துவிடுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அகசாகியும் நகாமுராவும் நிறுவனத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள், ராமகிருஷ்ணன் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் மீண்டும் நிலையத்துக்குத் திரும்பினார். நிறுவனத்திலிருந்து திரும்ப விரும்புகிறவரிடம் பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது வெளியிட்ட கட்டுரைகளை. ஆகவே வேலையில் சேரும் முன்பே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, கட்டுரை வெளியிட அனுமதி உண்டா, எவ்வளவு காலம் கழித்து, யார் ஒப்புதலோடு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.